எண்ணப்படாதோரைக் கேட்டறியும் வழி

எண்ணப்படாத மக்களின் நிலை எத்தகையது என்பதை நாம் அறிவோம். 1981ஆம் ஆண்டின் பின்னர், 2012 வரை இலங்கையில் முழுமையான குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் 18 மாவட்டங்களே முழுமையாக எண்ணப்பட்டன. வடக்கில் எஞ்சியிருந்தோர் எத்தனை பேர் என்பதற்கு நம்பத்தகுந்த ஏடு இல்லாது போயிற்று. திருநங்கையரும் திருநம்பியரும் வாழும் நாடுகள் பலவற்றில் இவ்வாறே நெடுங்காலம் ஏட்டில் இல்லாதிருந்தனர்.

எண்ணினால் மட்டும் போதுமா? வினா பிழைத்தால் விடையும் பிழைக்கும் என்று விரிவுரை மண்டபத்தில் நாம் கூறிவந்ததுண்டு. 2021இல் இங்கிலாந்தும் வேல்சும் தமது குடிசன மதிப்பீட்டில் முதன்முறையாகப் பாலின அடையாளம் பற்றி வினவின. ஏறத்தாழ 262,000 பேர், பிறப்பில் பதியப்பட்ட பாலினின்றும் தமது அடையாளம் வேறானது என்றனர். ஆயின், ஆங்கிலத்தில் தேர்ச்சி குறைந்தோரிடையே இவ்விகிதம் உயர்ந்து காணப்பட்டது. சிலர் வினாவைத் தவறாக விளங்கியிருக்கலாம் என்ற ஐயம் வலுத்தமையால், 2024இல் அத்தரவுகளின் தகுதிநிலை குறைக்கப்பட்டது. அந்நிய மொழிப் படிவங்களோடு மல்லாடிய அகதிகளுக்கு இது வியப்பன்று.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2009-2010இல் நிகழ்ந்த 'ட்ரான்ஸ் பல்ஸ்' ஆய்வு வேறு வழியை நாடியது. அச்சமூகத்தவரே ஆய்வாளர்களுடன் சேர்ந்து அதனை வகுத்தனர். பதிலளித்தோர் தமக்கறிந்த சிலரை அழைத்துவரலாம் என்பது ஏற்பாடு. பெயர்ப்பட்டியல் இல்லாத, மறைந்து வாழும் மக்களை நம்பிக்கை என்னும் சங்கிலியாலன்றி எட்டவியலாது. இவ்விதம் 433 பேர் பேசினர்.

அவர்களுள் 16 முதல் 24 வயது வரையானோர் சிறு தொகையினரே. எனினும் அவர்கள் கூறியது நெஞ்சை உலுக்குவது. பெற்றோரின் உறுதியான ஆதரவு பெற்றோரில், முந்திய ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றோர் 4 வீதம். அவ்வாதரவு கிட்டாதோரில் 57 வீதம்.

இவ்விரு எண்களுக்கும் இடையில் நிற்பது வீடு. நம் மொழியிலும் இழிசொற்கள் ஒதுங்கித் 'திருநங்கை', 'திருநம்பி' எனும் சொற்கள் நிலைபெற்றுவிட்டன. கேட்பதற்குச் சொல் இல்லை என இனிக் கூறுவதற்கில்லை. நம் சங்கங்கள், உரியோரையே துணைக்கொண்டு, பெயர் வெளியிடாது, தமிழில் வினவ முன்வரல் வேண்டும். அதுவரை காத்திராது, பெற்றோர் தம் பிள்ளை சொல்வதைச் சினமின்றிச் செவிமடுப்பாராக. ஓர் உயிரைக் காக்க அது போதுமானதாகலாம்.