தீயிற் பிழைத்த ஏடுகள்

1922ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் திகதி, டப்ளின் நகரத்துத் தெருக்களிற் கருகிய தாள்கள் காற்றில் மிதந்துவந்து வீழ்ந்தன. அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூண்ட முதல் வாரம் அது. லிஃபி ஆற்றங்கரையிலிருந்த நீதிமன்ற மாளிகையை ஒரு சாரார் கைப்பற்றியிருக்க, அரச படையினர் பீரங்கி கொண்டு அதனைத் தாக்கினர். அந்த வளவினுள்ளேதான் நாட்டின் பொதுச் சுவடிச்சாலையும் இருந்தது. முற்றுகையின் முடிவில் எழுந்த வெடியும் தீயும் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுச் சுவடிகளைச் சாம்பராக்கின. 1821 முதல் 1851 வரை பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்பட்ட குடிசன மதிப்பேடுகளிற் சிற்சில பகுதிகளே மிஞ்சின.

இவ்வழிவினுள் ஒரு முரண்பாடு அடங்கியிருக்கிறது. அங்கிலிக்கன் மரபினதாகிய அயர்லாந்துத் திருச்சபை 1871இல் அரசினின்றும் பிரிக்கப்பட்டபின், அதன் பழைய பதிவேடுகள் பொதுச் சுவடிகளெனச் சட்டம் விதித்தது. தக்க காப்பிடம் உடைய பங்குகள் தம் ஏடுகளைத் தாமே வைத்துக்கொள்ள அனுமதி பெற்றன. ஏனைய பங்குகளின் ஏடுகள் பாதுகாப்புக் கருதித் தலைநகருக்கு அனுப்பப்பட்டன. அனுப்பப்பட்டவையே எரிந்தன. கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளை அச்சட்டம் தழுவவில்லை. அவை குருமனை அலுமாரிகளிலேயே கிடந்தமையாற் பிழைத்தன.

அவ்வேடுகளின் பெறுமதி எத்தகையது? அயர்லாந்தில் மக்கள் அனைவரதும் பிறப்பும் இறப்பும் 1864 முதலே அரசினாற் பதியப்பட்டன. அதற்கு முன்னரே, 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அத்தொகையினும் குறையாதோர் கப்பலேறி அந்நிய நாடுகளுக்குச் சென்றனர். அவர்களுட் பலர் பிறந்ததற்கு, பங்குக் குருவானவர் ஞானஸ்நான ஏட்டில் எழுதிய ஒரு வரியே சான்று. குழந்தையின் பெயர், தாய் தந்தையர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் என்பனவே அவ்வரியிற் காணப்படும். தேசிய நூலகம் இவ்வேடுகளை நுண்படச் சுருள்களிற் பிரதி செய்தது. 2015ஆம் ஆண்டில் ஏறக்குறைய 370,000 பக்கப் படங்கள் இணையத்தில் இலவசமாக வைக்கப்பட்டன. அமெரிக்காவிலோ அவுஸ்திரேலியாவிலோ வாழும் ஒருவர் தம் முன்னோர் புறப்பட்ட ஊரை இன்று அவற்றிலே தேடலாம்.

துறவியர் சபைகளின் சுவடிச்சாலைகளில் வேறு வகைச் செல்வங்கள் உள. 1916ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றை அடுத்து டப்ளினிற் கிளர்ச்சி எழுந்தபோது, சண்டை நிகழ்ந்த தெருக்களின் நடுவே கப்புச்சின் சபையாரின் மடம் இருந்தது. மரண தண்டனை பெற்ற தலைவர்களைக் கில்மைனம் சிறையிற் சந்தித்து, இறுதி வேளையில் அவர்களுக்குத் துணை நின்றோர் அம்மடத்துக் குருமாரே. காயமுற்று எழுந்து நிற்க இயலாத நிலையிலிருந்த ஜேம்ஸ் கொனொலி நாற்காலியில் இருத்திச் சுடப்பட்டபோது, அலோசியஸ் அடிகளார் உடன் சென்றிருந்தார். அக்குருமார் எழுதிவைத்த குறிப்புகளும் கடிதங்களும், அரச அறிக்கைகளிற் காணவியலாத அந்த இறுதி நாழிகைகளை நமக்கு அறியத்தருகின்றன.

இனி, ஒரு பெட்டகத்தின் கதையைக் காண்போம். 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம், குருமாணவராயிருந்த பிரான்சிஸ் பிரௌன் என்னும் இயேசு சபையார், சவுதாம்ரனிலிருந்து குவீன்ஸ்ரவுன் வரை டைட்டானிக் கப்பலிற் பயணஞ் செய்தார். உடன்வந்த அமெரிக்கத் தம்பதியர் நியூயோர்க் வரை அவரை அழைத்துச்செல்ல விரும்பினர். சபை மேலாளரோ இறங்கிவிடுமாறு தந்தி அனுப்பினார். கீழ்ப்படிந்து இறங்கியமையால் அவர் உயிரும், அவர் பிடித்த படங்களும் தப்பின. பின்னர் போர்க்களத்துக் குருவாகவும் பணியாற்றிய அவர், அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பும் வழியில் இலங்கைக்கும் வந்து சென்றார். 1960இல் அவர் மறைந்தபின், ஏறக்குறைய 42,000 படச்சுருள் மூலங்கள் ஒரு பெட்டகத்தினுள் அடைபட்டுக் கிடந்தன. 1985இல் அவற்றைக் கண்டெடுத்தவர் அதே சபையைச் சேர்ந்த ஒ'டொனல் அடிகளார். அவற்றுட் பெரும்பாலானவை நைத்திரேற்றுச் சுருள்கள். அவை தாமே சிதைவன, எளிதில் தீப்பற்றுவன. மற்றொரு வகைச் சுருளிற் பிரதி செய்திராவிடின், பெட்டகத்தின் பூட்டு அவற்றைக் காத்திராது.

பூட்டைப் பற்றி இன்னுமொன்று சொல்லவேண்டும். திருமணமாகாத தாய்மாருக்கென அருட்சகோதரியர் பலர் அயர்லாந்தில் இல்லங்கள் நடத்தினர். அங்கே பிறந்து பிறர்க்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள், வளர்ந்தபின் தம் தாயின் பெயரை அறிய விரும்பியபோது, ஏடுகள் இருந்தும் அவை அவர்களுக்குக் காட்டப்படவில்லை. பிறப்புச் சான்றையும் அதனோடு தொடர்பான விவரங்களையும் பெறும் உரிமை 2022ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே அவர்களுக்குக் கிடைத்தது. அதற்குள் முதுமை எய்தியோர் பலர். விடை அறியாமலே மறைந்தோரும் உளர்.

ஆகவே, சுவடி காத்தல் என்பது மூன்று கடமைகளை உடையது. ஏட்டை அழியாமல் வைத்தல் முதலாவது. ஓரிடத்துத் தீ அனைத்தையும் விழுங்காதவாறு பிரதி செய்து வேறிடத்தும் வைத்தல் இரண்டாவது. அதில் எவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ அவர் கேட்டு வரும்போது திறந்து காட்டுதல் மூன்றாவது. அயர்லாந்தின் குருமனைகளும் மடங்களும் முதற் கடமையை நெடுங்காலம் செய்தன. இரண்டாவதைப் பிந்திச் செய்தன. மூன்றாவதை இன்னும் கற்று வருகின்றன.