பாஸ்போர்ட்டோடு வரும் நாய்

லண்டன், பர்மிங்ஹாம், மான்செஸ்டர் பூங்காக்களில் மாலை நேரம் நடந்தால், எந்த இனம் என்று சட்டெனச் சொல்ல முடியாத, நடுத்தர உயரமும் கொஞ்சம் மிரண்ட பார்வையும் உள்ள நாய்களைப் பார்க்கலாம். கூட வருபவரைக் கேட்டால் பெரும்பாலும் 'ருமேனியா' என்பார். சிலர் கிரீஸ், சைப்ரஸ், போஸ்னியா என்பார்கள். புகைப்படத்தைப் பார்த்து மனம் இளகி, காப்பகத்துக்குப் பணம் கட்டி, வேனில் வரவழைத்தவை. நல்ல காரியம்தான். ஆனால் நாயின் வயதையும் குணத்தையும் பத்து வரியில் சொல்லும் விளம்பரம், அதன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

எல்லையில் கேட்கப்படும் தாள்கள் நாட்டைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. நாய் படுக்கப்போகும் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா, புற்றுநோய்ச் சிகிச்சை எடுக்கும் தாத்தா இருக்கிறாரா, தவழும் குழந்தை இருக்கிறதா என்று எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை. அதைக் குடும்பமே கேட்டுக்கொள்ள வேண்டும், வேன் புறப்படுவதற்கு முன்பே.

ருமேனியாவில் ஏன் இத்தனை நாய்கள்?

சர்வாதிகாரி சௌஷெஸ்கு ஆட்சியில், 1980களில், தோட்டம் வைத்த தனி வீடுகள் பெருமளவில் இடிக்கப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். காவலுக்கு வளர்த்த நாய்களை உடன் அழைத்துப்போக வழியில்லை. தெருவில் விடப்பட்டவை பெருகின. 2013 செப்டம்பரில் புக்கரெஸ்ட் நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தெருநாய்கள் கடித்து இறந்தான். நாடே கொதித்தது. பிடிபட்ட நாயை 14 வேலைநாட்களுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் கொல்லலாம் என்று சட்டம் வந்தது. அதிலிருந்து தப்பிக்க வைக்கும் வழியாகத்தான் வெளிநாட்டுத் தத்து வேகம் எடுத்தது.

ஸ்பெயின் கதை வேறு. அங்கே முயல் வேட்டைப் பருவம் முடிந்ததும் கைவிடப்படும் கால்கோ இன வேட்டைநாய்கள் அதிகம். எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து நாய் சுமந்து வரும் நோய்களும் மாறும். ஆகவே முதல் கேள்வி ஊர் பற்றியதாகவே இருக்கட்டும்.

எல்லையில் என்ன கேட்கிறார்கள்?

பிரிட்டனுக்குள் நுழைய மைக்ரோசிப் வேண்டும். அதைப் பொருத்திய பிறகுதான் ரேபீஸ் தடுப்பூசி போட வேண்டும். வரிசை மாறினால் ஊசி செல்லாது. குட்டிக்கு 12 வாரம் நிரம்பியிருக்க வேண்டும், ஊசி போட்டு 21 நாள் கழிய வேண்டும். நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். தத்துக்காக வரும் நாயைச் சுற்றுலாப் பயணியின் சொந்த நாய் போலக் கொண்டுவரக் கூடாது. சட்டம் அதை வணிகப் போக்குவரத்தாகத்தான் பார்க்கிறது, அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழும் உடன் வர வேண்டும். "எங்கள் ஓட்டுநர் தன் நாய் என்று சொல்லிக் கொண்டுவந்துவிடுவார்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அந்த நாடாப்புழு மருந்துக்கு ஒரு காரணம் உண்டு. ஐரோப்பாக் கண்டத்தின் நரிகளிலும் நாய்களிலும் வாழும் எக்கினோகாக்கஸ் மல்டிலாக்குலாரிஸ் என்ற சிறு புழு பிரிட்டனில் இல்லை. இதன் முட்டை மனித வயிற்றுக்குள் போனால், பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து கல்லீரலைப் புற்றுநோய் போலவே அரிக்கும். நாய் வந்து சேர்ந்த முதல் மாதத்துக்குள் பிராசிகுவான்டெல் மருந்தை இன்னொரு முறை கொடுக்கச் சொல்கிறார்கள் ஒட்டுண்ணியியல் நிபுணர்கள். ஒரு மாத்திரைதான்.

கட்டாயமானவை இவ்வளவே. கீழே வரும் நோய்களில் ரேபீஸ் தவிர மற்ற எதற்கும் எல்லையில் கேட்கப்படும் தாள்களில் இடமில்லை.

ப்ரூசெல்லா கேனிஸ்

1966இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லீலண்ட் கார்மைக்கேல், பீகிள் நாய்களில் தொடர்ந்து நிகழ்ந்த கருச்சிதைவுகளை ஆராய்ந்தபோது பிடிபட்ட பாக்டீரியா இது. ருமேனியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் பரவலாக உண்டு. பிரிட்டனில் 2020 வரை அபூர்வம். அதன்பின் எண்ணிக்கை கூடியது, பெரும்பாலானவை ருமேனியாவிலிருந்து வந்த நாய்கள். 2021 முதல் இந்தக் கிருமியைக் கண்டறியும் ஆய்வகங்கள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சங்கடம் என்னவென்றால், தொற்றுள்ள நாய் பலசமயம் ஆரோக்கியமாகவே இருக்கும். ஓடும், சாப்பிடும், வாலாட்டும். சில நாய்களுக்கு முதுகெலும்பு வட்டுகளில் அழற்சி வந்து, படி ஏறத் தயங்கும், முதுகைத் தொட்டால் முனகும். பெண் நாய்க்குக் கரு கலையும், ஆண் நாய்க்கு விரை வீங்கும். கருச்சிதைவின்போதும் பிரசவத்தின்போதும் வெளியேறும் நீரிலும் திசுக்களிலும் கிருமி கொட்டிக் கிடக்கும். விந்திலும், குறைந்த அளவில் சிறுநீரிலும் இருக்கும். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் அடங்குமே தவிர, முற்றாக ஒழிந்தது என்று சொல்ல முடியாது. உயிரணுக்களுக்குள் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் தலைதூக்கும். கருத்தடை அறுவை செய்தால் கிருமி வெளியேறுவது குறையும், தொற்று போகாது.

மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, சோர்வு. சாதாரண ஃப்ளூ என்றே பலரும் நினைப்பார்கள். அரிதாக இதய வால்வையும் மூளை உறையையும் தாக்கும். வாரக்கணக்கில் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் குணமாகும். பிரிட்டனில் நாயிடமிருந்து மனிதருக்கு இந்தத் தொற்று வந்த முதல் சம்பவம் 2022இல் பதிவானது. பெலரூஸிலிருந்து வந்த நாய் ஒன்றைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரித்த பெண்ணுக்கு அது வந்தது. வந்த இடத்தில் அந்த நாய்க்குக் கரு கலைந்திருந்தது.

பொதுமக்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்பதே பிரிட்டிஷ் அரசின் மதிப்பீடு. அது நாட்டின் சராசரி. கர்ப்பிணிக்கும், ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கும், நோய் எதிர்ப்பு குறைந்தவருக்கும் அந்தச் சராசரி பொருந்தாது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால், பரிசோதிக்காத நாயை வரவழைப்பதை என்னால் ஆதரிக்க முடியாது. கருவுற்ற பெண் நாயை வரவழைப்பது யாருக்குமே நல்லதில்லை.

புறப்படும் முன் ரத்தப் பரிசோதனை, தொற்றுக்கு வாய்ப்பிருந்த இடத்தை விட்டு மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் முடிவுக்கு மதிப்பு. தொற்றின் தொடக்கத்தில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்காது என்பதால் முதல் முடிவு மட்டும் போதாது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பரிசோதிக்காத ருமேனிய நாய்க்கு அறுவை செய்ய வேண்டுமென்றால், ஊழியர்களின் பாதுகாப்பு கருதி முதலில் சோதனையைக் கேட்கும் மருத்துவமனைகள் பிரிட்டனில் உண்டு. நள்ளிரவில் கால் முறிந்த நாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது இந்தப் பேச்சு நடக்க வேண்டாமே.

பூச்சிகள் கொண்டுவருபவை

மத்தியதரைக் கடலோர நாடுகளில் மணல் ஈ கடித்துப் பரவுவது லீஷ்மேனியா. பீகார் பக்கம் மனிதரை வாட்டும் காலா அசார் கிருமியின் நெருங்கிய உறவு. கடித்துச் சில மாதங்களிலும் வெளிப்படலாம், சில ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். கண்ணைச் சுற்றி முடி கொட்டும், தோல் பொடுகாக உதிரும், நகம் அளவுக்கு மீறி நீளும். கடைசியில் சிறுநீரகம் பழுதாகும். அலோப்யூரினால் போன்ற மாத்திரைகளை நெடுங்காலம் கொடுத்துக் கட்டுப்படுத்தலாம், அறவே ஒழிப்பது கடினம். பிரிட்டனில் மணல் ஈ இல்லை என்பதால் பரவல் குறைவு. ஆனாலும் ஹார்ட்ஃபோர்ட்ஷரில், வெளிநாடே போகாத ஒரு நாய்க்கு, அதே வீட்டில் இருந்த இறக்குமதி நாயிடமிருந்து வந்ததாக 2019இல் பதிவானது. ஆகவே வீட்டில் ஏற்கெனவே நாய் இருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

கொசு கொண்டுவரும் இதயப்புழு ருமேனியாவில் உண்டு. நுண்புழு வளர்ந்து, ரத்தச் சோதனையில் தெரிய ஆறு மாதம் ஆகும். இங்கும் மறுபரிசோதனை தேவைப்படுவது அதனால்தான். முதிர்ந்த பெண்புழு 30 செ.மீ. வரை நீளும். அதைக் கொல்லும் சிகிச்சையின்போது நாயை வாரக்கணக்கில் ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும். மனிதருக்கு இதனால் கவலை மிகக் குறைவு.

உண்ணி விஷயத்தில் எசெக்ஸ் மாவட்டத்து ஹார்லோ நகரம் ஒரு பாடம். ஊரைவிட்டு எங்கும் போகாத நாய்களுக்கு அங்கே 2016 வாக்கில் பபேசியா வந்தது. சிவப்பணுக்களை உடைத்து, சிறுநீரைக் கருஞ்சிவப்பாக்கும் நோய். எப்போதோ வந்த தொற்று உள்ளூர் உண்ணிகளில் ஊன்றிவிட்டது. நம் ஊர் வீடுகளில் நாமெல்லாம் பார்த்திருக்கும் பழுப்பு உண்ணி இன்னும் விபரீதம். குளிர்நாட்டிலும் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுக் குடியேறிவிடும். நாய் இறங்கியதும் காதுமடல், விரலிடுக்கு, வாலடி எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் பிடுங்கிக் குப்பையில் போடாமல் சிறு புட்டியில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: உண்ணிக்கென்று நாயின் முதுகில் ஊற்றும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு விஷம். வீட்டில் பூனை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூக்குக்குள் வாழும் நாக்குப்புழு, கண் இமைக்கடியில் நெளியும் கண்புழு, பேதி தரும் ஜியார்டியா என்று பட்டியல் இன்னும் உண்டு. இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

ரேபீஸ்: அரிது, ஆனால் மன்னிக்காதது

2021 ஜூனில் அஜர்பைஜானிலிருந்து 33 நாய்களும் ஒரு பூனையும் தத்துக்காக சிகாகோவில் வந்து இறங்கின. பென்சில்வேனியாவுக்குப் போன ஒரு நாய்க்குச் சில நாட்களில் ரேபீஸ் வெளிப்பட்டது. தடுப்பூசித் தாள் இருந்தது. ஊசி சரியாக வேலை செய்திருக்கவில்லை. அடுத்த மாதமே அமெரிக்கா, நாய்வழி ரேபீஸ் மிகுந்த நாடுகளிலிருந்து நாய் கொண்டுவருவதை நிறுத்திவைத்தது. இப்போது 2024 ஆகஸ்ட் 1 முதல், எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஆறு மாதம் நிரம்பாத நாய்க்கு அங்கே அனுமதி இல்லை. கனடா 2022 செப்டம்பர் 28 முதல் 100க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து தத்து நாய் உட்பட வணிகப் பிரிவு நாய்களைத் தடைசெய்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் உண்டு. சென்னைத் தெருவிலோ யாழ்ப்பாணத்திலோ பார்த்துப் பழகிய நாயைக் காப்பகம் வழியாக டொரன்டோவுக்கு வரவழைக்கலாம் என்று எண்ணியிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே காசு செலவழிக்க வேண்டும். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பிரிட்டனும் உக்ரைன், பெலரூஸ், போலந்து, ருமேனியா நாடுகளின் வணிகப் பிரிவு நாய்களைச் சிலகாலம் நிறுத்திவைத்தது.

2019இல் நார்வே இளம்பெண் ஒருவர் பிலிப்பைன்ஸ் சுற்றுலாவில் தெருவோரக் குட்டியை எடுத்துக் குளிப்பாட்டி விளையாடினார். குட்டி செல்லமாகக் கடித்த சிறு கீறல்கள். இரண்டு மாதம் கழித்து நார்வேயில் இறந்தார். நேரில் போய் நாயைப் பார்த்து எடுக்கப் போகிறவர்கள் தங்களுக்கு முன்தடுப்பூசி போட்டுக்கொண்டு போவது நல்லது. கீறினாலோ கடித்தாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் சில வாரங்கள்

கூண்டிலும் வேனிலும் இருந்துவிட்டு வரும் நாய்க்கு மாடிப்படி, தொலைக்காட்சி, வழவழப்பான தரை, கண்ணாடிக் கதவு எல்லாமே புதிது. பெரும்பாலான விபத்து முதல் நாட்களில் வாசற்கதவில்தான் நடக்கிறது. கதவு திறந்த நொடியில் பாய்ந்துவிடும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிவர அதற்கு இன்னும் பேரே தெரியாது. மார்புப் பட்டையும் கழுத்துப் பட்டையும் இரண்டும் போட்டு, இரண்டிலும் கயிறு பிணைத்தே வெளியே கூட்டிப்போக வேண்டும். ருமேனியப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் மைக்ரோசிப் எண்ணை பிரிட்டன் பதிவேட்டிலும் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது பிடித்துக்கொடுத்தாலும் உங்கள் வீடு கண்டுபிடிக்கப்படாது.

வந்த அன்றே குளிப்பாட்டுவது, உறவினரை அழைத்துக் காட்டுவது, பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்க விடுவது எதுவும் வேண்டாம். ஒரு மூலையில் படுக்கை, அதற்குள் யாரும் கை நீட்டக் கூடாது என்ற விதி, சாப்பிடும்போது ஒதுங்கி நிற்பது. ஊரிலிருந்து விசிட்டில் வரும் அம்மம்மாவோ அப்பம்மாவோ நாயை வீட்டுக்குள் விட்டுப் பழகாதவர்கள். அவர்கள் சத்தம்போட்டு விரட்டுவதும், பயந்த நாய் திரும்பிக் கடிப்பதும் எதிர்பாராததல்ல. அவர்கள் தங்கியிருக்கும் மாதத்தில் நாயை வரவழைக்காமல் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். கார்பேத்திய மேய்ச்சல் காவல் நாய்களின் கலப்பு உள்ளவை, வீட்டுக்குள் நுழையும் அந்நியரை எளிதில் ஏற்பதில்லை. காப்பகத்திடம் இதையும் கேளுங்கள்: குணம் ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ள பிரிட்டனிலேயே அவர்களுக்கு இடம் இருக்கிறதா? மழுப்பினால் வேறு காப்பகம் பாருங்கள். பரிசோதனை முடிவுகளை 'எல்லாம் சரி' என்று வாய்வார்த்தையாகச் சொன்னாலும் அப்படியே. ஆய்வகத்தின் பெயரும் தேதியும் மைக்ரோசிப் எண்ணும் உள்ள தாளையே கேட்டு வாங்குங்கள். முன்பே இருக்கும் நோய்க்குச் செல்லப்பிராணிக் காப்பீடு பணம் தருவதில்லை என்பதால், இந்தத் தாளுக்குக் காசு மதிப்பும் உண்டு.

மறுபரிசோதனை முடியும் வரை சிறுநீர், மலம் சுத்தம் செய்யக் கையுறை போடுங்கள், வீட்டு நாய்க்கும் புதியதற்கும் தனித்தனிக் கிண்ணம் வையுங்கள். வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால், எங்கேயாவது வெளிநாடு போய்வந்தீர்களா என்று மருத்துவர் கேட்பார். இல்லை என்று நிறுத்திவிடாமல், நாய் எந்த நாட்டிலிருந்து எந்த மாதம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.