தராசு இனாம், படிக்கல் யாரிடம்?

"கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் சண்டை நமக்கு எதற்கு அண்ணாச்சி?" என்று நம் மண்டிக்குச் சரக்கெடுக்க வரும் தம்பிமார் கேட்கிறார்கள். கடையில் கம்ப்யூட்டர் பில் போடுகிற நாம் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய சண்டை அது.

கம்ப்யூட்டரின் முதன்மைச் சிப் தேர்ந்த கணக்குப்பிள்ளை மாதிரி; எந்தக் கணக்கையும் முறையாகப் போடும். படம் காட்டுவதற்கென்று உள்ள கிராபிக்ஸ் சிப், லாரியில் மூட்டை இறக்கும் ஆட்கள் மாதிரி. ஒரே விதமான வேலையைப் பலர் ஒரே நேரத்தில் முடிப்பார்கள். இந்த ஆட்பலத்தைப் பெரிய கணக்குகளுக்கும் பயன்படுத்தலாம் என்று தெரிந்ததும் போட்டி ஆரம்பித்தது. அவர்களுக்கு யாருடைய பாஷையில் உத்தரவு கொடுப்பது?

கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா, 2006ல் 'கூடா' என்ற முறையை அறிவித்தது. புரோகிராம் எழுதுவோருக்கு இலவசம். ஆனால் என்விடியா சிப்பில்தான் ஓடும். தராசை இனாமாகக் கொடுத்து, படிக்கல்லைத் தன்னிடமே வாங்க வைப்பது போன்ற ஏற்பாடு.

கம்ப்யூட்டர் செய்யும் ஆப்பிள் பல கம்பெனிகளிடம் சிப் வாங்கி வந்தது. ஒரே சரக்குக்காரரிடம் கட்டுண்டால் விலை பேச முடியாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லாச் சிப்புக்கும் பொருந்தும் 'ஓபன்சிஎல்' என்ற பொது முறையை ஆப்பிள் உருவாக்கி, 2008ல் குரோனோஸ் என்ற கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. ஏஎம்டி, இன்டெல், ஐபிஎம் ஆகியவற்றோடு என்விடியாவும் அதில் பங்கு கொண்டது. அந்த வருட டிசம்பரிலேயே முதல் பதிப்பு வெளிவந்தது.

பொது முறை வென்றிருக்க வேண்டும். ஆனால் ஒரு சிப்பில் வேகமாக ஓடிய புரோகிராம் இன்னொன்றில் தடுமாறியது. மறுபடி திருத்தி எழுத வேண்டியிருந்தது. எல்லாருக்கும் சொந்தமான மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது? என்விடியாவோ தன் 'கூடா'வை விடாமல் வளர்த்தது. 2012ல் டொரண்டோ பல்கலைக்கழகத்தார் படங்களை அடையாளம் காணும் புரோகிராமை இரண்டு என்விடியா கார்டுகளில் பழக்கி வெற்றி கண்டார்கள். செயற்கை நுண்ணறிவு வேலைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் சாய்ந்தன. 2024ல் பங்குச் சந்தை மதிப்பில் உலகின் முதலிடத்தையே அக்கம்பெனி தொட்டது.

பொது முறை கேட்ட ஆப்பிள் என்ன செய்தது? 2014ல் 'மெட்டல்' என்று சொந்த முறை கொண்டுவந்தது. 2018ல் ஓபன்சிஎல்லைக் கழிக்கப்படும் பட்டியலில் சேர்த்தது. இரண்டு வருடத்தில் மேக் கம்ப்யூட்டருக்குச் சொந்தச் சிப்பும் வந்துவிட்டது. பெரிய முதலாளிகள் இப்படிக் கடையை மாற்றிக்கொள்ளலாம். அந்தப் புரோகிராமை நம்பிப் பிழைத்த சிறிய ஆட்கள் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும்.

நமக்கும் பட்ட அனுபவம் உண்டு. மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பில்லிங் புரோகிராம் வாங்கினோம். சில வருடம் கழித்து ஆண்டுக் கட்டணத்தை ஏற்றினார்கள். வேறிடம் போகலாமென்றால், பார்ட்டி பாக்கிக் கணக்கை வெளியே எடுக்க வழியில்லை. அச்செடுத்து, கணக்குப்பிள்ளைகள் இருவரை உட்காரவைத்துக் கையால் ஏற்றினோம். நம் பேரேடு, நம் கையில் இல்லை!

பொது முறை நிலைக்காது என்று எண்ண வேண்டாம். 2016ல் வந்த யுபிஐயைப் பாருங்கள். கல்லாவில் ஒரே அட்டை. எந்த ஆப்பிலிருந்தும் பணம் விழுகிறது. அதைக் கட்டிக் காக்க ஒரு பொது அமைப்பு நிற்கிறது.

ஆகவே மிஷினோ புரோகிராமோ வாங்குமுன் விலையைக் கேட்பது போல இதையும் கேளுங்கள்: "நாளைக்கு உங்களை விட்டுப் போனால், எங்கள் கணக்கை எப்படிக் கொடுப்பீர்கள்?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணுங்கள்.