நான்காண்டும் நிறையாத ஆங்கில ஒளிவழி

ஒரு மொழி செல்வாக்குடையதாயின், அம்மொழியில் நடைபெறும் ஏடும் ஒளிபரப்பும் தாமே நிலைத்து நிற்கும் என்று எண்ணுவோர் பலர். சிங்கப்பூரில் தோன்றி மறைந்த ‘சேனல் ஐ’ என்னும் ஆங்கில ஒளிவழியின் வரலாறு, அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது என்பதைக் காட்டுகின்றது.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் தொடங்கிற்று. அதனை நடத்திய அமைப்பின் பெயர் பன்முறை மாறினும், நெடுங்காலம் உள்நாட்டில் அதற்குப் போட்டியாளர் எவருமிலர். 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் இந்நிலையை மாற்ற முனைந்தது. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் நாளேடு நடத்தி வந்த சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் தொலைக்காட்சி நடத்தவும், தொலைக்காட்சி நடத்தி வந்த மீடியாகார்ப் நாளேடு வெளியிடவும் உரிமம் பெற்றன. போட்டி வளர்ந்தால் தரம் உயரும் என்பதே நோக்கம்.

நாளேட்டு நிறுவனம் ‘மீடியாவொர்க்ஸ்’ என்னும் கிளையை நிறுவி, 2001ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ‘சேனல் யூ’ என்னும் சீன ஒளிவழியையும், மே 20ஆம் நாள் ‘டிவி ஒர்க்ஸ்’ என்னும் ஆங்கில ஒளிவழியையும் தொடங்கிற்று. பின்னது 2002இல் ‘சேனல் ஐ’ எனப் பெயர் மாற்றம் பெற்றது.

ஒரே தாய் பெற்ற இரு பிள்ளைகளுள் சீன ஒளிவழி நிலைத்தது. ஆங்கில ஒளிவழியோ மறைந்தது. காரணம் யாது? ஆங்கிலம் அறிந்தோர் தொகை குறைவன்று. ஆயின், அவர்தம் கண்கள் பல திசைகளிற் சிதறிக் கிடந்தன. பொழுதுபோக்குக்குப் பழகிய ‘சேனல் 5’ இருந்தது. செய்திக்கு 1999இல் தோன்றிய ‘சேனல் நியூஸ்ஏஷியா’ இருந்தது. கம்பிவடத் தொலைக்காட்சியில் அயல்நாட்டு ஒளிவழிகள் இருந்தன. புதிய ஒளிவழியை நாடியே தீரவேண்டிய தேவை ஆங்கில நேயர்க்கு எழவில்லை. சீன நேயர்க்கோ புதியதோர் ஒளிவழி, பழையதற்கு உண்மையான மாற்றாக அமைந்தது.

ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் வாழ்ந்த சிறு நாட்டில் விளம்பர வருவாயும் அளவுடையதே. ஒரே குளத்தில் இருவர் வலை வீசியமையால் இரு நிறுவனங்களும் இழப்புக்குள்ளாயின. 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் இணைப்பு அறிவிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு பிறந்தபோது ‘சேனல் ஐ’ அடங்கிற்று. ‘சேனல் யூ’ மீடியாகார்ப்பின் பொறுப்பிற் சேர்ந்தது.

இவ்வரலாற்றினின்று தமிழர் அறியத்தக்கது ஒன்றுண்டு. அந்நாட்டில் பிற நிகழ்ச்சிகளுடன் ஓர் ஒளிவழியைப் பங்கிட்டுக்கொண்டிருந்த தமிழ் ஒளிபரப்பு, 2008ஆம் ஆண்டு அக்டோபரில் ‘வசந்தம்’ என்னும் தனி ஒளிவழியாயிற்று. விளம்பரச் சந்தை ஒன்றையே நம்பியிருப்பின் அது கைகூடியிராது. பொதுச்சேவை ஒளிபரப்புக்கென அரசாங்கம் வழங்கும் நிதியே அதனைத் தாங்குகின்றது. செல்வாக்கு மிக்க ஆங்கிலத்திற்கே இரண்டாவது ஒளிவழியை அச்சந்தை தாங்கவில்லையெனில், சிறுபான்மையோர் மொழிக்கு அது எங்ஙனம் துணை நிற்கும்?

ஆயினும், நிதி ஒளிவழியை நடத்தலாம். நேயரைப் படைக்க அதனால் இயலாது. தமிழில் கேட்டும் பேசியும் சுவைக்கும் இளைஞரை உருவாக்குதல் வீட்டிலும் வகுப்பறையிலும் நடைபெற வேண்டிய பணியாகும். தன்னை நாடும் மக்களை இழந்த ஒளிவழி, எம்மொழியதாயினும், நெடுநாள் நில்லாது.