மூச்சா வருது, பாட்டி!

சென்ற வைகாசி மாதம் எங்கள் வீட்டில் ஒரு வெற்றி விழா நடந்தது. எங்கள் பேரன் டயபரை விட்டு விட்டான்! வயது இரண்டே முக்கால். மூன்று வாரம் துடைக்கும் துணியும் கையுமாக அலைந்த என் மருமகள் ஒரு நாள் காலையில் ஓடி வந்து, "அத்தை, இன்னியோட பத்து நாள் ஆச்சு! தரையிலே ஒரு சொட்டு விழலை" என்றாள். பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவள் மாதிரி அவள் முகம் மலர்ந்திருந்தது.

அவனுக்காகக் கடையிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆசனம் வாங்கி வந்திருந்தார்கள். அதற்குப் பெயர் 'பாட்டி'யாம்! ஆகவே எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பாட்டிகள். "பாட்டி எங்கே?" என்று யாராவது கேட்டால் நான் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

வீட்டில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. வாசற்படி தாண்டியதும்தான் வந்தது வினை.

என் தங்கை மகளுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். சென்னையிலிருந்து எல்லோருமாகக் காரில் கிளம்பினோம். ஏழு மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு, புறப்பட்டது பத்தரைக்கு. மாலையில் மாப்பிள்ளை அழைப்பு. மகனுக்கு ஒரே பரபரப்பு.

செங்கற்பட்டு தாண்டி, மதுராந்தகம் ஏரியை நெருங்கும்போது பேரன், "மூச்சா வருது, பாட்டி" என்றான்.

"இப்பத்தான் வேகமாப் போக வழி கிடைச்சிருக்கு. கொஞ்சம் அடக்கிக்கோ கண்ணா, திண்டிவனத்திலே நிறுத்தறேன்" என்றான் என் மகன்.

குழந்தை இரண்டாம் முறை சொன்னான். மூன்றாம் முறையும் சொன்னான். நான்காம் முறை சொல்லவில்லை. என் மாம்பழ நிறப் பட்டுப் புடவை சொல்லிற்று!

மகனுக்குக் கோபம். வண்டியை ஓரமாக நிறுத்தி, குழந்தையின் தொடையில் ஒன்று வைத்தான். "இவ்வளவு பெரிய பையன், வெட்கமா இல்லை?" குழந்தை அழவில்லை. தன் தாயின் முகத்தையே பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

மகன் செய்தது ஒரு தப்பு என்றால் நான் செய்தது இரண்டு. கல்யாண மண்டபத்தில் போய் இறங்கியதும், வந்தவர்களிடமெல்லாம், "என் பட்டுப் புடவைக்கு அபிஷேகம் பண்ணிட்டான்!" என்று கதை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஓர் உறவுக்காரர் அவனுக்கு 'மூச்சா மாப்பிள்ளை' என்று பட்டமே சூட்டிவிட்டார். குழந்தை என் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக் கொண்டான். நானும் சிரித்துக் கொண்டுதான் இருந்தேன்.

அன்றிலிருந்து நான்கு நாள் அவன் இரண்டுக்குப் போகவில்லை. வந்தால் கதவுக்குப் பின்னால் போய், கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்பான். பச்சை ஆசனத்தைக் கண்டாலே அலறுவான். ஐந்தாம் நாள் வயிற்று வலியில் துடித்தவனைக் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பாஸ் யார், பெயில் யார்?

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காரிலே அவன் சொன்னானா, சொல்லலையா?"

"சொன்னான். மூணு தடவை சொன்னான்."

"அப்படியானா அவன் பாஸ். நீங்கதான் பெயில்!"

பிறகு அவர் விளக்கினார். மூன்று வயதுக் குழந்தையின் மூத்திரப்பை கொள்ளுவது ஏறக்குறைய 120 முதல் 150 மில்லி. நம் வீட்டுக் காபி டம்ளர் அளவுதான். தவிர, விளையாட்டிலும் வேடிக்கையிலும் ஈடுபட்டிருக்கும் குழந்தைக்கு அது நிரம்பி வருவது கடைசி நிமிஷத்தில்தான் உறைக்கும். பெரியவர்கள் "வரும்போலிருக்கிறது" என்பதற்கும் குழந்தை "வருது" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அது 'வருது' என்றால் வந்தேவிட்டது என்று அர்த்தம்.

இரண்டுக்கு அடக்குவது இன்னும் பொல்லாதது. அடக்க அடக்க மலம் இறுகும். இறுகினால் போகும்போது வலிக்கும். வலித்த குழந்தை மறுபடி அடக்கும். இந்தச் சக்கரத்தில் ஒரு தடவை மாட்டிக்கொண்டால் வெளியே வர வாரக்கணக்காகும். சில குழந்தைகளுக்கு மாதக்கணக்கு. இறுகிய மலம் மூத்திரப்பையை அழுத்துவதால், அதுவரை நனைக்காத குழந்தையும் நனைக்க ஆரம்பிக்கும். நாம் அதைப் 'பிடிவாதம்' என்போம்!

டாக்டரம்மா மலத்தை இளக்க மருந்து எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு எழுதிக் கொடுத்த மருந்து வேறு: "சிரிக்கக் கூடாது, திட்டக் கூடாது, கதை சொல்லக் கூடாது." பேரன் பழையபடி ஆக ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. அந்த ஒரு மாதத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

கிளம்புமுன்

"வருதா?" என்று கேட்காதீர்கள். எந்தக் குழந்தையும் "வரலை" என்றுதான் சொல்லும். "வா, போயிட்டு வந்து செருப்புப் போட்டுக்கலாம்" என்று கூப்பிடுங்கள். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிடலாம்.

சாப்பிட்டதும் குடல் அசைந்து கொடுப்பது இயற்கை. ஆகையால் காலைப் பலகாரம் முடிந்து கால் மணி, அரை மணி கழித்து உட்கார வைத்தால் இரண்டுக்குப் போக அநேகமாக வழி பிறக்கும். பலகாரத்தை வாயில் திணித்துக்கொண்டே காரில் ஏறினால், அந்த நல்ல நேரம் வண்டிக்குள்ளே கழிந்துவிடும்.

பயணத்துக்குப் பயந்து குழந்தைக்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அது ஆபத்து. தண்ணீர் குறைந்தால் மூத்திரம் எரியும், மலம் இறுகும். சிறுகச் சிறுக அடிக்கடி கொடுப்பதே நல்லது.

உடை விஷயத்தில் அழகைவிட அவசரம் முக்கியம். சஸ்பெண்டர் வைத்த கால்சட்டையும், நாலு கொக்கி வைத்த பாவாடையும் போட்டோவுக்கு நன்றாயிருக்கும். 'வருது' என்ற பிறகு கொக்கியைத் தேடினால் தோல்வி நிச்சயம்! வழிக்கு இலாஸ்டிக் வைத்த நிஜாரே போதும். பட்டை மண்டபத்தில் உடுத்திக் கொள்ளலாம்.

பைக்குள் என்ன இருக்க வேண்டும்?

மாற்று நிஜார் மூன்று. ஒரு துண்டு. ஈரத் துணியைச் சுருட்டி வைக்க இரண்டு பிளாஸ்டிக் பை. ஒரு பாட்டில் தண்ணீர், சோப்பு. கார் ஆசனத்தில் விரிக்க ஒரு ரப்பர் ஷீட்டும், அதன்மேல் பழைய வேட்டித் துணியும். இந்தப் பை டிக்கியின் அடியில் கிடந்தால் பிரயோசனமில்லை. கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பச்சை ஆசனத்தையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். தெரியாத ஊரில் தெரிந்த முகம் மாதிரி அது குழந்தைக்குத் தெம்பு கொடுக்கும்.

இராப் பயணத்துக்கு டயபர் போடுவதில் குற்றமில்லை. பகலில் தேறிய குழந்தைக்கு இரவில் கட்டுப்பாடு வர இன்னும் இரண்டு மூன்று வருஷம்கூட ஆகலாம். ஆனால், "நீ நனைச்சுடுவே, அதனாலே போட்டுக்கோ" என்று சொல்லாமல், "இது தூங்கற போது போடற நிஜார்" என்று சொல்லுங்கள்.

வழியில்

ஒன்றரை மணிக்கு ஒரு தரம், அதிகம் போனால் இரண்டு மணிக்கு ஒரு தரம், கேட்காமலே நிறுத்திவிடுங்கள். சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்க், சுத்தமான சாப்பாட்டுக் கடை எதுவும் ஆகலாம். பெரிய சாலையில் வண்டிகள் பறக்கும் ஓரத்தில் குழந்தையை இறக்குவது மட்டும் வேண்டாம்.

புது இடத்துக் கழிவறை குழந்தைக்கு ஒரு குகை. இருட்டு, ஈரத் தரை, பெரிய பள்ளம், 'ஹோ' என்ற சத்தம்! தரையோடு இருக்கும் கழிவறை என்றால் எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்துக் கொள்ளுங்கள். உயர்ந்த ஆசனம் என்றால் கால் அந்தரத்தில் தொங்கும். கால் ஊன்றாத குழந்தைக்கு முக்க வராது. உங்கள் முழங்காலை முட்டுக் கொடுங்கள். கடைத்தெரு மாளிகைகளில் தானாகவே நீர் பாய்ச்சும் கருவி இருக்கிறது. குழந்தை எழும் வரை அதன் கண்ணை உள்ளங்கையால் மறைத்தால் அது சும்மாயிருக்கும்.

கழுவுவதைச் சொல்லவே வேண்டாம் என்றாலும் ஒன்று: பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால்தான் கழுவ வேண்டும். மாற்றிச் செய்தால் மூத்திரத் தொற்றுக்கு இடமாகும்.

தகப்பனாருடன் தனியாகப் போகும் பெண் குழந்தையை எங்கே அழைத்துப் போவது என்று பல அப்பாக்கள் திகைக்கிறார்கள். ஆண்கள் பக்கத்துக்கே தூக்கிக்கொண்டு போய், நேரே கதவுள்ள அறைக்குள் சென்றுவிடலாம். 'யாராவது ஒரு அம்மா' கையில் ஒப்படைப்பதைவிட அதுவே உசிதம்.

பலாப்பழமும் ரயிலும்

எங்கள் கும்பகோணம் பாதையில் பண்ருட்டி வருகிறது. சாலையோரமெல்லாம் பலாப்பழம். அதைப் பார்த்தால் எனக்கு ஒகில் சந்திர சென் நினைவு வரும். 1909-ஆம் வருஷம் வங்காளத்தில் பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷனில் அவசரமாக இறங்கியவர் அவர். உட்கார்ந்திருக்கும்போதே கார்டு விசிலை ஊதிவிட, ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னிலையிலும் விழுந்தார். ரயில் போய்விட்டது! அவர் ரயில்வேக்கு எழுதிய காரசாரமான புகார் தில்லி ரயில் மியூசியத்தில் புகழ் பெற்ற பொருளாகிவிட்டது. சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிவறை வந்ததற்கு அந்தக் கடிதமே காரணம் என்று சொல்வார்கள்.

ஐந்து நிமிஷம் காத்திருக்காத கார்டை நாம் குறை சொல்கிறோம். மதுராந்தகத்தில் எங்கள் காரில் விசில் ஊதியது யார்?

இன்று ரயிலில் கழிவு தண்டவாளத்தில் விழுவதில்லை. பெட்டிக்கடியில் தொட்டியில் சேர்ந்து, நுண்ணுயிர்களால் மக்கிப் போகிறது. ஆகவே டயபரையோ துணியையோ அதில் போட்டால் அடைத்துக்கொள்ளும். வந்தே பாரத் ரயிலில் பொத்தானை அமுக்கியதும் 'புஸ்' என்று உறிஞ்சும். குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு அமுக்குங்கள்.

நனைந்துவிட்டால்?

எல்லாம் செய்தும் ஒரு நாள் நனையத்தான் செய்யும். அப்போது ஒரு வார்த்தை போதும்: "பரவாயில்லை, மாத்திக்கலாம்." மறைவாக அழைத்துப் போய் மாற்றிவிட்டு, வேறு பேச்சுப் பேசுங்கள். உறவினரிடம் சொல்லாதீர்கள். குழந்தைக்குப் புரியாது என்று நினைத்துத்தானே சொல்கிறோம்? அதற்கு எல்லாம் புரிகிறது.

சொல்வது குழந்தையின் வேலை. இடம் காட்டுவது நம்முடைய வேலை. குழந்தை தன் வேலையைச் செய்துவிட்ட பிறகு அதை அடிப்பது என்ன நியாயம்?

சென்ற தை மாதம், அதே தங்கை மகளுக்கு வளைகாப்பு. அதே பாதை, அதே ஏரி. யாரும் கேட்காமலே என் மகன் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, "வாடா கண்ணா, அப்பாவோட" என்று பேரனை அழைத்துப் போனான்.

திரும்பி வந்த பேரன் என் ஜன்னலருகே வந்து, "பாட்டி, உனக்கு வரலையா?" என்றான்.

"எனக்கு வேண்டாம்டா. கும்பகோணத்திலே போய்க்கறேன்."

"அடக்கக் கூடாது பாட்டி! டாக்டர் சொன்னாங்க!"

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளியூர் போவதென்றால் தொண்டையை நனைக்காமலே கிளம்புவது எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம். என் அம்மாவுக்கும் அதுதான் பழக்கம். என் மருமகளின் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

நாங்கள் இருவரும் கதவைத் திறந்து இறங்கினோம். பேரன் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டியருகே எங்களுக்காகக் காத்து நின்றான்.