படிப்போரும் எழுதுவோரும்

கணிப்பொறியின் மென்பொருளுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடைபெறுகின்றன. அவ்வேலைகளின் ஓட்டங்களை ‘இழைகள்’ என்பர். பல இழைகள் ஒரே குறிப்பைப் பயன்படுத்தும்போது அவற்றுக்குள் முறை வகுப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கடலோர மக்களுக்குப் புயற்செய்தி அறிவிக்கும் மென்பொருள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். புயல் எங்குள்ளது, எத்திசையில் செல்கிறது என்னும் குறிப்பு நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. மக்கள் கேட்குந்தோறும் பல இழைகள் அதனைப் படிக்கின்றன. ஓர் இழை மட்டும் அவ்வப்போது புதுக்குறிப்பை எழுதுகிறது. எத்தனை பேர் சேர்ந்து படித்தாலும் கேடில்லை. ஆனால், எழுதும்போது பிறர் படித்தால், பழைய இடமும் புதிய திசையும் கலந்த பொய்ச்செய்தி கிடைக்கும். ஆகவே, எழுதுபவர் தனித்தே இருத்தல் வேண்டும். இவ்விரு விதிகளையும் காப்பதே ‘படிப்போர்–எழுதுவோர் பூட்டு’ ஆகும்.

1971ஆம் ஆண்டில் கூர்த்துவா, ஹேமன்ஸ், பார்னஸ் என்னும் மூவர் இச்சிக்கலை ஆராய்ந்து இரண்டு வழிகளை வெளியிட்டனர். முதல் வழியில் படிப்போருக்கே முதன்மை. ஒருவர் படித்துக்கொண்டிருந்தால், பின்வரும் படிப்போரும் தடையின்றி நுழையலாம். இதன் குறை யாது? முன்னவர் வெளியேறுமுன் அடுத்தவர் வந்துகொண்டே இருந்தால், எழுதுபவர் வாயிலிலேயே நிற்க நேரிடும். புயல் திசைமாறிய பின்னும் மக்கள் பழைய செய்தியையே படித்துக்கொண்டிருப்பர்! இரண்டாம் வழியில் எழுதுவோருக்கு முதன்மை. அங்கே எழுதுவோர் ஓயாது வந்தால் படிப்போர் காத்துக் கிடப்பர். இவ்வாறு முறை வாராமலே போவதைக் கணிப்பொறி அறிஞர் ‘பட்டினி’ என்றே குறிப்பிடுவர்.

இதற்குத் தீர்வு வரிசை. படிப்போர் இருவர் உள்ளே இருக்கின்றனர். எழுதுபவர் ஒருவர் வருகிறார். அவருக்குப் பின் மேலும் இருவர் படிக்க வருகின்றனர் எனக் கொள்வோம். பின்வந்த இருவரும் எழுதுபவரைத் தாண்டிச் செல்லலாகாது. உள்ளிருப்போர் வெளிவந்ததும் எழுதுபவர் நுழைவார்; அவர் முடித்ததும் காத்திருந்த இருவரும் சேர்ந்து நுழைவர். ஹோர் என்னும் அறிஞர் 1974இல் கூறிய விதியும் இதற்கு நெருங்கியதே. எழுதுபவர் காத்திருக்கையில் புதிதாகப் படிக்க வருவோர் நுழையலாகாது. எழுதி முடிந்ததும், அதுவரை காத்திருந்த படிப்போர் அனைவரும் அடுத்த எழுதுபவருக்கு முன் நுழையலாம் என்றார் அவர்.

இந்நேர்மைக்கு ஒரு விலை உண்டு. பின்வந்த இருவரும் முன்னவரோடு சேர்ந்தே படித்திருக்கலாம் அன்றோ? அவர்களை நிறுத்தியதால் மொத்த வேலையின் விரைவு குறைகிறது. மற்றோர் இடரும் உண்டு. உள்ளே படிக்கும் இழையே அதே பூட்டை மீண்டும் கேட்டால், வரிசை விதி அதனை எழுதுபவருக்குப் பின்னால் நிறுத்தும். எழுதுபவரோ அது வெளியேறுவதற்காகக் காத்திருப்பார். இருவரும் அசையார். ஆதலின், ஏற்கெனவே உள்ளிருப்பவருக்கு மட்டும் விலக்கு அளித்தல் வேண்டும். ஜாவா மொழியின் நேர்மைப் பூட்டில் இவ்விலக்கு உண்டு.

எனினும், அம்மொழியில் நேர்மையைக் கேட்டுப் பெறவேண்டும். கேளாவிடின் வரிசை பேணாத பூட்டே கிடைக்கும். நாளை நீங்கள் மென்பொருள் ஆக்கும்போது, எழுதவேண்டிய செய்தி தாமதித்தால் யாருக்கு என்ன தீங்கு என்று முதலில் கேளுங்கள். விடை ஓர் உயிரைத் தொடுமாயின், விரைவைச் சிறிது விட்டுக்கொடுத்து வரிசையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.