பறவை நாய் பயிற்சிப் பகுதிகளின் மேலாண்மை

பறவை நாய் பயிற்சிப் பகுதி என்பது பறவை வேட்டைக்குரிய நாய்களைப் பழக்குவதற்காகப் பொதுக் காட்டுயிர் நிலங்களுக்குள் ஒதுக்கப்படும் இடம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் இத்தகைய பகுதிகள் உள்ளன. மாநிலக் காட்டுயிர் துறைகள் அல்லது இயற்கை வளத் துறைகள் இவற்றை நிருவகிக்கின்றன.

பின்னணி

பாயிண்டர், செட்டர் இன நாய்கள் புதரில் மறைந்திருக்கும் பறவையை மோப்பத்தால் கண்டறிந்து, அசையாமல் நின்று காட்டும். ஸ்பானியல் பறவையை எழுப்பும். ரிட்ரீவர் சுடப்பட்ட பறவையைத் தேடி எடுத்து வரும். நன்கு பழகிய நாய் உடனிருந்தால், காயமடைந்த பறவைகள் புல்லுக்குள் தொலைந்து வீணாக இறப்பது குறைகிறது. எனவே நாய்ப் பயிற்சியைத் துறைகள் வேட்டை மேலாண்மையின் ஒரு பகுதியாகக் கருதுகின்றன.

1937 ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி, துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரி காட்டுயிர் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. பல காட்டுயிர் நிலங்களின் பராமரிப்புக்கு இந்நிதி உதவுகிறது. ஆயினும் அந்நிலங்கள் வேட்டைக்காரர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நடைப்பயணிகளும் பறவை ஆர்வலர்களும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

கூடு கட்டும் காலம்

பாப்வைட் காடை, பெசன்ட் போன்ற பறவைகள் புல்லுக்கு இடையே தரையில் கூடு கட்டுகின்றன. பாப்வைட் காடையின் அடைகாக்கும் காலம் ஏறத்தாழ 23 நாட்கள். நாய்கள் தாய்ப்பறவையை மீண்டும் மீண்டும் எழுப்பினால் முட்டைகள் குளிர்ந்துபோகலாம், கூடு கைவிடப்படலாம். பொரித்த குஞ்சுகளால் முதல் சில நாட்களுக்குப் பறக்க இயலாது. வாழிட இழப்பால் பாப்வைட் காடையின் எண்ணிக்கை கடந்த பல பத்தாண்டுகளில் பெரிதும் குறைந்துள்ளதால், கூடுகளைக் காப்பது முதன்மை பெறுகிறது.

இதற்காக மாநிலங்கள் பருவக் கட்டுப்பாடு விதிக்கின்றன. விஸ்கான்சினின் காட்டுயிர் நிலங்களில் ஏப்ரல் 15 முதல் சூலை 31 வரை நாய்களை 8 அடிக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். மினசோட்டாவின் காட்டுயிர் மேலாண்மைப் பகுதிகளில் இக்கட்டுப்பாடு ஏப்ரல் 16 முதல் சூலை 14 வரை உள்ளது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம்.

இளம் நாய்க்குத் தொடர்ச்சியான பயிற்சி தேவை. மூன்று மாத இடைவெளி அதைப் பாதிக்கும். ஆகவே சிறிய பரப்பு ஒன்று பயிற்சிக்கென விடப்பட்டு, நிலத்தின் ஏனைய பகுதி அமைதியாக வைக்கப்படுகிறது. தொந்தரவை ஓரிடத்தில் குவித்து மற்ற இடங்களைக் காப்பதே இம்மேலாண்மையின் அடிப்படை.

மேலாண்மை முறைகள்

* இடத் தேர்வு: கூடுகள் அடர்ந்த புல்வெளி, அரிய உயிரினங்களின் வாழிடம், குடியிருப்பு, பரபரப்பான சாலை ஆகியவற்றிலிருந்து விலகிய இடம் பொருத்தமானது. எல்லைகள் பலகைகளால் குறிக்கப்படுகின்றன.
* புல் பராமரிப்பு: புல் பட்டைபட்டையாக வெட்டப்படுகிறது அல்லது சுழற்சி முறையில் கட்டுப்பாட்டுடன் எரிக்கப்படுகிறது. நாய் கண்ணுக்குத் தெரியும் திறந்த இடமும் பறவை ஒளியும் புதரும் அருகருகே அமைய வேண்டும்.
* பயிற்சிப் பறவைகள்: புறா, வளர்ப்புக் காடை, சுக்கார் கௌதாரி ஆகியவை பயன்படுகின்றன. காட்டுப் பறவைகளிலிருந்து பிரித்தறிய, வளர்ப்புப் பறவைகளின் காலில் வளையம் இடுவது வழக்கம். நோயுற்ற பறவைகளை விடுவது காட்டுப் பறவைகளுக்கு ஆபத்தாகும்.
* சுடுதல்: பல இடங்களில் ஒலி மட்டும் எழுப்பும் வெற்றுத் தோட்டாக்களுக்கே அனுமதி உண்டு. ஒரே இடத்தில் தொடர்ந்து சுட்டால் ஈயக் குண்டுகள் மண்ணில் சேரும். அவற்றை விழுங்கும் பறவைகள் நஞ்சேறி இறக்கலாம். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகள் 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன.

சிக்கல்கள்

பயன்பாடு மிகும்போது புல் தேய்ந்து மண் அரிக்கிறது. போட்டி நாட்களில் பிற பயனர்களுக்கு இடமில்லாமல் போகிறது. முன்பதிவு, அனுமதிச் சீட்டு, பகுதிகளுக்குச் சுழற்சி முறையில் ஓய்வு ஆகியவை இதற்கான தீர்வுகள். பயிற்சிப் பகுதிக்கு வெளியே நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டால் ஒதுக்கீட்டின் நோக்கமே கெடும் என்பதால், எல்லை மீறலைக் கண்காணிப்பது நிருவாகத்தின் முக்கியப் பணியாகும்.